இருள் சூழ்ந்த நூலும் மலைநாட்டு வாசகரும்

கொலைக் கதையைப் படிக்கத் தொடங்கும் வாசகர் ஒரே ஒரு கேள்வியைத் துணையாகக் கொண்டு பக்கங்களைப் புரட்டுகிறார். 'செய்தவன் யார்?' என்பதே அக்கேள்வி. கடைசி அத்தியாயத்தில் விடை கிடைத்துவிட்டால் மனம் அமைதியடைகிறது. புத்தகம் அலமாரிக்குத் திரும்புகிறது. வாசகர் உறங்கச் செல்கிறார். கதையில் சிந்திய இரத்தம் அவருடைய உறக்கத்தைக் கெடுப்பதில்லை. அது எங்கோ, எவருக்கோ நேர்ந்தது.

ஆனால், எல்லாக் குற்றக் கதைகளும் இவ்வளவு சுலபமாக வாசகரை விட்டுவிடுவதில்லை. ஐரோப்பாவின் வடகோடியிலே, பனியும் நீண்ட இரவும் சூழ்ந்த நாடுகளிலே தோன்றிய சில நாவல்கள் இதற்குச் சான்று. சுவீடன் தேசத்து எழுத்தாளர்களான மாய் ஷோவாலும் பேர் வாலூவும் 1965 முதல் 1975 வரை பத்துத் துப்பறியும் நாவல்களை இணைந்து எழுதினர். பத்துக்கும் சேர்த்து 'ஒரு குற்றத்தைப் பற்றிய நாவல்' என்று பொதுப்பெயர் சூட்டினர். அவர்கள் குறித்த குற்றம் தனி ஒருவன் செய்த கொலை மட்டுமன்று. சமுதாயமே செய்த குற்றத்தையும் அவர்கள் கருதினர். 1992இல் டென்மார்க்கில் பீட்டர் ஹோ எழுதிய நாவல் இன்னும் ஒரு படி செல்கிறது. கோப்பன்ஹேகன் நகரில் ஒரு கட்டடத்தின் கூரையிலிருந்து ஒரு சிறுவன் விழுந்து இறக்கிறான். பனியில் பதிந்திருந்த அவனுடைய காலடிகளைக் கண்டு, இது விபத்தன்று என்று ஸ்மில்லா என்ற பெண் உணர்கிறாள். அவளும் அச்சிறுவனும் கிரீன்லாந்து மண்ணின் வழிவந்தவர்கள். துப்புத் துலக்கப் புறப்படுபவள் கடைசியில் சென்று சேரும் இடம், டென்மார்க் கிரீன்லாந்தை ஆண்ட வரலாறு. 1953ஆம் ஆண்டு வரை அத்தீவு டென்மார்க்கின் குடியேற்ற நாடாக இருந்தது.

இந்த நாவலை இலண்டனில் படிப்பவர் விறுவிறுப்பான கதை என்று மெச்சலாம். கிரீன்லாந்துக் குடும்பமொன்றில் பிறந்தவர் அவ்வாறு மெச்சிவிட்டு எழுந்து போக முடியுமா? நூல் ஒன்றுதான், வாசகர் இருவர். அதிலுள்ள இருள் யாருடைய இருள் என்பதைப் பொறுத்து வாசிப்பே மாறிவிடுகிறது. இந்த உண்மையை விளங்கிக்கொள்ள வடதுருவம் வரை செல்ல வேண்டியதில்லை. நானுஓயாவை நோக்கி ஏறும் புகையிரதத்தில் தலவாக்கலையில் இறங்கினாலே போதும்.

தலவாக்கலை வாசகரின் கையில் வைத்துப் பார்க்கத்தக்க நூல் ஒன்று உண்டு. தென்னிந்தியாவின் ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் 1940களில் வைத்தியராகப் பணி தொடங்கிய டாக்டர் பால் ஹாரிஸ் டேனியல் என்பவர், 1969இல் 'ரெட் டீ' என்ற ஆங்கில நாவலை வெளியிட்டார். 'சிவப்புத் தேயிலை' என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். முதிய தொழிலாளர்கள் சொல்லக் கேட்டவற்றையும் தாம் கண்டவற்றையும் கொண்டு அதை அவர் புனைந்தார். தோட்டத் தொழிலாளருக்குத் தொழிற்சங்கம் அமைக்க முன்னின்றவரும் அவரே. இரா. முருகவேள் இந்நாவலை 'எரியும் பனிக்காடு' என்ற பெயரில் தமிழாக்கினார். 2007இல் அது வெளிவந்த பின்னரே தமிழ் வாசகர் பலருக்கு அப்படியொரு நூல் இருப்பது தெரியவந்தது.

கதை எளியது. திருநெல்வேலிச் சீமையின் வறண்ட கிராமமொன்றில் கருப்பனும் வள்ளியும் வாழ்கின்றனர். இளந் தம்பதிகள். மலையிலே வேலை, கைநிறையக் கூலி, ஓராண்டு கழிந்ததும் பணத்துடன் ஊர் திரும்பலாம் என்று மேஸ்திரி ஆசை காட்டி முன்பணம் தருகிறான். மலையேறிய பின்பு முன்பணம் கடனாகிறது, கடன் வளர்கிறது, ஆண்டுக்கணக்கு முடியும் நாளில் ஊர் திரும்பும் நாள் இன்னும் தொலைவில் நிற்கிறது. காய்ச்சல் வருகிறது. பக்கத்துக் காம்பராவில் பிணம் விழுகிறது. மறுநாள் காலையில் கொம்பு ஊதியதும் எஞ்சியவர்கள் வேலைக்கு இறங்குகிறார்கள்.

இதைக் குற்றக் கதை என்று சொல்லலாமா? சொல்லலாம், ஆனால், குற்றம் இங்கே தலைகீழாக நிற்கிறது. அக்காலச் சட்டத்தைப் புரட்டிப் பார்த்தால் அது விளங்கும். இந்தியாவில் 1859ஆம் ஆண்டுச் சட்டமொன்று, முன்பணம் வாங்கிய தொழிலாளி ஒப்பந்தத்தை மீறுவதைத் தண்டனைக்குரிய செயலாக்கியது. 1925இல்தான் அதை நீக்கச் சட்டசபை இசைந்தது. இலங்கையிலும் 1865ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அறிவிப்பின்றித் தோட்டத்தை விட்டு வெளியேறிய தொழிலாளி சிறைக்கு அனுப்பப்படலாம். ஒரு தோட்டத்தை விட்டு மற்றொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், அவனுடைய கடன் எவ்வளவு என்று குறித்த 'துண்டு' வேண்டும். அந்தத் துண்டுமுறை 1921இல் ஒழிக்கப்பட்டது. ஆகவே, பொய் சொல்லி ஆள் பிடித்தவன் சட்டத்துக்கு அஞ்சாமல் நடமாடினான். ஏமாற்றத்தை உணர்ந்து ஓடியவனைத் தேடித்தான் பொலிசார் வந்தனர். 'குற்றவாளி யார்?' என்ற கேள்விக்குச் சட்டம் ஒரு விடையையும் நாவல் வேறொரு விடையையும் தருகின்றன. வாசகர் அவ்விரண்டுக்கும் நடுவே நிற்கிறார்.

தலவாக்கலை வாசகருக்கு இக்கதை அயல்நாட்டுக் கதையன்று. ஆனைமலையில் மேஸ்திரி, இங்கே கங்காணி. அங்கு வால்பாறைக்கு ஏறிய வழி வேறு. மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து வந்த வழி வேறு. ஆனால், புறப்பட்ட ஊர்கள் ஒரே சீமையைச் சேர்ந்தவை. மேலும், 1964இல் ஸ்ரீமாவோ சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு அரசுகளும் பாதிபாதியாகப் பிரித்துக்கொண்டன. அவ்வாறு கப்பலேறிய குடும்பங்களிற் சில நீலகிரியிலும் வால்பாறையிலும் தமிழ்நாட்டரசின் தேயிலைத் தோட்டங்களில் மீண்டும் கொழுந்துக் கூடையைத் தூக்கின. தலவாக்கலையில் ஓர் அண்ணனும் ஆனைமலையில் ஒரு தங்கையுமாக உறவுகள் பிரிந்து கிடந்த காலம் அது. தங்கை போய்ச் சேர்ந்த மலையின் பழங்கதையை அண்ணன் வீட்டுப் பிள்ளை படிக்கும்போது, அதைக் கதை என்று ஒதுக்கி வைக்க மனம் வருமா?

இத்தகைய நூல் தோட்டப்புறத்தில் பேசப்படும்போது மூன்று கேள்விகள் எழுவது இயல்பு. மூன்றும் வெவ்வேறு மனநிலையிலிருந்து பிறப்பவை.

முதற் கேள்வி, 'இது மெய்தானா?' என்பது. படித்த இளைஞர் இதைக் கேட்பார். அவர் பிறந்தபோது துண்டும் இல்லை. கங்காணி ஆட்சியும் இல்லை. 'ஆசிரியர் கொஞ்சம் மிகைப்படுத்திவிட்டாரோ?' என்று அவருக்குத் தோன்றுவதில் தவறில்லை. இக்கேள்விக்கு விடை சொல்லத் தக்கவர்கள் லயத்துத் திண்ணையில் அமர்ந்திருக்கும் முதியவர்கள். அவர்கள் நூலிலுள்ள சிலவற்றை மறுக்கவும் கூடும். மறுப்பதும் நன்மையே. ஆனைமலையில் உயிர்களை வாரிக்கொண்டு போனது மலேரியாக் காய்ச்சல். தலவாக்கலை இருக்கும் திம்புலைப் பகுதி மிக உயர்ந்த குளிர்ப் பிரதேசம். அங்கே தொழிலாளரை வாட்டியவை குளிரும் வயிற்றோட்டமும் கொக்கிப்புழுவும். கொக்கிப்புழு நோயை ஒழிக்க 1916இல் இலங்கைத் தோட்டங்களில் தனி இயக்கமே தொடங்கப்பட்டது. ஆகவே, ஆனைமலையின் துயரத்தை அப்படியே எடுத்து இங்கே ஒட்டிவிடலாகாது. நாவல் சாட்சி சொல்லலாம். ஆனால், எந்தச் சாட்சியையும் குறுக்கு விசாரணை செய்த பின்புதான் ஏற்க வேண்டும். வாசகர் அவ்விதம் விசாரிக்கத் தொடங்கும்போது, நூலில் இல்லாத செய்திகளும் வெளிவருகின்றன.

இரண்டாவது கேள்வி சற்றுக் கசப்பானது. 'இதையெல்லாம் ஏன் எழுத வேண்டும்?' என்று சிலர் கேட்கிறார்கள். 'எங்கள் பாட்டன் அடி வாங்கினான், பாட்டி மானமிழந்தாள் என்று ஊரறியச் சொல்வதால் யாருக்கு என்ன பயன்? படித்து, உத்தியோகம் பெற்று, தலைநிமிர்ந்து நடக்கும் வேளையில், பழைய கந்தலை எடுத்துக் கொடியில் உலர்த்துவானேன்?' இக்கேள்வியை எளிதாகத் தள்ளிவிட முடியாது. இதற்கு இலக்கிய உலகிலேயே முன்னுதாரணம் உண்டு. புதுமைப்பித்தன் 1935இல் மணிக்கொடி இதழில் எழுதிய 'துன்பக்கேணி' என்ற நெடுங்கதை, தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்த மருதி என்பவள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து படும் பாட்டைச் சொல்வது. இலங்கைத் தோட்ட வாழ்வைத் தமிழ்ச் சிறுகதைக்குள் கொண்டுவந்த ஆரம்பகாலப் படைப்புகளில் அதுவும் ஒன்று. எழுதி ஏறத்தாழ எண்பதாண்டுகள் கழிந்த பின், 2014இல், சென்னைப் பல்கலைக்கழகம் அக்கதையையும் 'பொன்னகரம்' என்ற கதையையும் பாடத்திட்டத்திலிருந்து நீக்கியது. ஒடுக்கப்பட்ட மக்களை அவை இழிவாகக் காட்டுகின்றன என்ற ஆட்சேபம் எழுந்ததே காரணம். எழுத்தாளர் பலர் அந்த நீக்கத்தை எதிர்த்துக் குரல் கொடுத்தனர். இழிவைச் சுட்டிக்காட்டுவதும் இழிவு செய்வதும் ஒன்றாகுமா என்று அவர்கள் கேட்டனர்.

இரு தரப்பிலும் நியாயம் உண்டு. துயரத்தை வெளியிலிருந்து பார்த்து எழுதுபவன், துயரப்படுபவரைத் துயரத்தின் உருவமாக மட்டும் காட்டிவிடும் அபாயம் மெய்யானது. வகுப்பறையில் அக்கதை படிக்கப்படும்போது, பின்வரிசையில் அமர்ந்திருக்கும் ஒரு மாணவி தன்னையே எல்லோரும் திரும்பிப் பார்ப்பதாக உணர்ந்தால், அந்தக் கூச்சத்தை அற்பமென்று யாரும் சொல்ல முடியாது. ஆயினும், கதையை நீக்கினால் கூச்சம் நீங்குமா? நடந்ததை மறைத்தால், வெட்கப்பட வேண்டியவர் யார் என்பதும் சேர்ந்தே மறைந்துவிடுகிறது. அடித்தவன் வெட்கப்பட வேண்டிய இடத்தில் அடிபட்டவனின் பேரன் வெட்கப்படுகிறான். இந்த முறைகேட்டைத் திருத்துவதற்காகவேனும் அந்நூல்கள் வாசிக்கப்பட வேண்டும். வாசிக்கும் முறைதான் பக்குவமாக இருக்க வேண்டும்.

எரியும் பனிக்காட்டைத் தழுவி இயக்குநர் பாலா 'பரதேசி' என்ற திரைப்படத்தை எடுத்தார். 2013இல் அது வெளிவந்தபோது ஆனைமலைத் துயரம் திரைகள் எங்கும் ஓடிற்று. கண்ணீர் விட்டோர் பலர். அதேவேளையில், நூலை முன்பே படித்திருந்தவர்கள் ஒரு வேறுபாட்டைச் சுட்டிக்காட்டினர். நாவலில் தொழிலாளரின் துயர் துடைக்க முயல்பவர் டாக்டர். அப்பாத்திரத்தில் ஆசிரியரின் சாயலும் உண்டு. படத்தில் வரும் டாக்டரோ வைத்தியத்தை விட மதப்பிரசாரத்தில் நாட்டமுடையவராகக் காட்டப்பட்டார். வாழ்நாளில் பெரும்பகுதியைத் தொழிலாளருக்காகச் செலவிட்ட ஒருவருக்கு இது நீதியாகுமா என்ற விவாதம் எழுந்தது. வரலாற்றைச் சார்ந்த கதை பிறர் கைக்குப் போகும்போது இத்தகைய மாற்றங்கள் நேரும். குற்றவாளி இடம் மாறினால், கதையே மாறிவிடும். அதைக் கவனித்துக் கேட்ட வாசகர்களே அந்த நூலுக்கு நல்ல காவலர்கள்.

மூன்றாவது கேள்வியே மிகக் கடினமானது. 'பிறகு என்ன ஆயிற்று? தண்டனை யாருக்குக் கிடைத்தது?' துப்பறியும் கதையில் இக்கேள்விக்கு இடமில்லை. கைவிலங்கு மாட்டப்பட்டதும் கதை முடிந்துவிடும். தேயிலைக் கதைகளில் அந்தக் கைவிலங்கு வருவதேயில்லை. முல்க் ராஜ் ஆனந்த் 1937இல் எழுதிய 'இரண்டு இலைகளும் ஒரு மொட்டும்' என்ற நாவலில், அசாம் தோட்டத்துத் தொழிலாளி ஒருவன் தன் மகளைக் காக்க ஓடிவருகையில் ஆங்கிலேய உதவித் துரையால் சுட்டுக் கொல்லப்படுகிறான். கொன்றவன் யார் என்பது எல்லோருக்கும் தெரியும். வழக்கும் நடக்கிறது. ஜூரிகள் அவனைக் குற்றமற்றவன் என்று விடுதலை செய்கிறார்கள். புத்தகத்தை மூடிய பிறகும் வழக்கு முடியாமல் வாசகர் மனத்திலேயே நடந்துகொண்டிருக்கிறது.

இலங்கை மலைநாட்டு வாசகர் இதைப் படித்து வியப்படைய மாட்டார். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தம் நடந்தபோது, கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிக்கு இரையானார். விசாரணைக்கு ஆணைக்குழு அமைக்கப்பட்டது. கோவிந்தனின் பெயர் இன்றும் மலைநாட்டில் நினைக்கப்படுகிறது. தலவாக்கலை மக்களுக்கு இன்னும் அண்மையான ஒரு பெயர் உண்டு. 1977 மே மாதத்தில், தோட்டக் காணிகளைப் பிரித்தெடுப்பதை எதிர்த்து டெவன் தோட்டத்துப் பகுதியில் மக்கள் திரண்டபோது, சிவனு லெட்சுமணன் என்ற இளைஞர் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார். டெவன் நீர்வீழ்ச்சியைப் பார்க்க வாகனத்தை நிறுத்தும் பிரயாணிகளுக்கு அச்செய்தி தெரியாமலிருக்கலாம். அந்த மலைச்சரிவில் கொழுந்து பறிப்பவர்களுக்குத் தெரியும். ஆகவே, இருள் நூலைப் படிக்கும் தலவாக்கலை வாசகர், 'அந்தக் காலத்தில் அப்படி' என்று சொல்லிப் பெருமூச்சு விட்டுத் தப்பித்துக்கொள்ள முடிவதில்லை.

அப்படியானால், இத்தகைய நூல்கள் மனத்தை மேலும் இருளச் செய்வதற்கு மட்டுமே பயன்படுமா? இங்கேதான் மலைநாட்டின் சொந்தக் குரலை நினைவுகூர வேண்டும். தலவாக்கலைக்கு அடுத்த வட்டகொடைப் பகுதியிலுள்ள மடக்கொம்பரைத் தோட்டத்தில் 1914இல் பிறந்தவர் சி. வி. வேலுப்பிள்ளை. 1947இல் நடந்த பொதுத்தேர்தலில் தலவாக்கலைத் தொகுதி மக்கள் அவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினர். இலங்கை இந்தியக் காங்கிரசின் சார்பில் அன்று வெற்றி பெற்ற எழுவரில் அவரும் ஒருவர். மறுவருடமே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அவரைத் தெரிவு செய்த மக்களிற் பெரும்பாலோர் நாடற்றவர்களாயினர். 1952 தேர்தலில் அம்மக்களுக்கு வாக்கும் இல்லை. அவர்களுடைய பிரதிநிதிக்கு ஆசனமும் இல்லை. அதற்கு இரண்டாண்டு கழித்து, 1954இல், 'இன் சிலோன்ஸ் டீ கார்டன்' என்ற ஆங்கில நெடுங்கவிதையை அவர் வெளியிட்டார். தேயிலையின் அடியில் புதைந்து கிடப்பவர்களை அக்கவிதை மறக்கவில்லை. அதேவேளையில், அவர்களைப் பிணங்களாக மட்டும் காட்டவும் இல்லை. அவர்களுடைய தப்பின் ஓசையும், உழைப்பின் பெருமையும், நிலத்தின்மீது அவர்களுக்குள்ள உரிமையும் அதிலே ஒலிக்கின்றன. தோட்டம் தோட்டமாகச் சென்று மக்கள் பாடிய பாடல்களைத் தொகுத்தவரும் அவரே.

வெளியிலிருந்து வந்து கண்டு எழுதிய டாக்டர் டேனியலின் நூலுக்கும், உள்ளேயே பிறந்து எழுதிய வேலுப்பிள்ளையின் நூலுக்கும் உள்ள வேறுபாடு இதுவே. முன்னதில் குற்றம் துலக்கமாகத் தெரிகிறது. பின்னதில் குற்றத்துக்கு ஆளானவர் யார் என்பது துலக்கமாகத் தெரிகிறது. ஒரு வழக்குக்கு இரண்டும் வேண்டும். குற்றப்பத்திரிகை மட்டும் இருந்து, இழந்தவர் இன்னார் என்பது தெரியாவிட்டால், நீதி யாருக்கு வழங்குவது?

மேலும், துயரக் கதையைத் தாங்கிக்கொள்ளும் முறையை மலைநாட்டு மக்கள் நாவல்கள் வருவதற்கு முன்பே அறிந்திருந்தனர். மாசி மாதத்தில் தோட்டங்களில் நடைபெறும் காமன் கூத்தில் மன்மதன் எரிந்து சாம்பலாகிறான். ரதி அழுது புலம்புகிறாள். அந்த அழுகையைத் தோட்டமே கூடி நின்று கேட்கிறது. தன் கணவனை இழந்தவளும் ரதியோடு சேர்ந்து அழுகிறாள். மூன்றாம் நாள் காமன் எழுப்பப்படுகிறான். இருளைத் தனியாக உட்கார்ந்து விழுங்காமல், பலர் கூடிப் பகிர்ந்துகொள்ளும் வழி அது. பெரிய எழுத்துப் பாரதத்தையும் அல்லியரசாணி மாலையையும் ஒருவர் உரக்கப் படிக்க, எழுத்தறியாத பலர் சுற்றியிருந்து கேட்டதும் அந்த வழக்கத்தைச் சேர்ந்ததே.

நவீன நாவலோ தனிமையில் படிக்கப்படுவது. கதவைச் சாத்திக்கொண்டு, விளக்கைத் தாழ்த்திக்கொண்டு, மௌனமாகப் படிப்பது அதன் முறை. வடநாட்டுக் குற்ற நாவல்களுக்கு அது பொருந்தலாம். எரியும் பனிக்காடு போன்ற நூலை அவ்விதம் படித்தால் பாதிதான் படித்ததாகும். ஒரு மழைநாள் மாலையில், அடுப்படியில் தேநீர்ச் சாயம் கொதிக்கும்போது, பேத்தி இரண்டு பக்கங்களை உரக்கப் படிக்கட்டும். பாட்டி முதலில் கேளாதவள் போல் இருப்பாள். பிறகு, 'அப்படியில்லடி, எங்க தோட்டத்துல வேற மாதிரி' என்று திருத்துவாள். அத்திருத்தம் எந்த நூலிலும் அச்சாகாதது. ஆவணக்காப்பகத்தில் துரைமாரின் கடிதங்களும் கணக்குகளும் இருக்கின்றன. பாட்டியின் சொல் அங்கே இல்லை. 2023இல் மலையகத் தமிழரின் இருநூறாண்டு வருகையை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்குப் பலர் நடந்து சென்றனர். முன்னோர் நடந்த வழியைக் கால்களால் படித்த வாசிப்பு அது. வீட்டுத் திண்ணையிலும் அதற்கு நிகரான வாசிப்பு நடைபெறலாம்.

இருள் சூழ்ந்த நூலின் தரத்தை அது வாசகரை எவ்வளவு நடுங்கச் செய்தது என்பதைக் கொண்டு அளக்க வேண்டியதில்லை. அதைப் படித்த பின், நெடுங்காலம் வாய் திறவாதிருந்தவர் பேசத் தொடங்கினாரா என்று பார்க்க வேண்டும். தலவாக்கலை லயமொன்றில் பாட்டி, 'வேற மாதிரி' என்று சொல்லித் தொடங்கும் அந்த வேளையில், பேத்தி புத்தகத்தை மூடி வைத்துவிட்டு ஒரு கொப்பியையும் பேனாவையும் எடுத்துக்கொள்வாளாயின், டாக்டர் டேனியல் முதியவர்களிடம் கேட்டறிந்து தொடங்கிய வேலை தொடர்கிறது என்று கொள்ளலாம்.